குளிரில் உறங்கும் பேட்டரி

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)



மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? நேற்று வரை தண்ணீர் போல ஓடிய எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து, அசைய மறுக்கும். பள்ளி மணி அடித்து விடுமே என்ற பதற்றத்தில் புட்டியை வெயிலில் வைப்போம். வெயில் வராவிட்டால் அடுப்பருகில் வைப்போம். சற்று நேரத்தில் எண்ணெய் மீண்டும் ஓடத் தொடங்கும். எண்ணெய் குறையவும் இல்லை, கெட்டுப் போகவும் இல்லை. குளிர் அதைக் கட்டிப் போட்டிருந்தது, அவ்வளவுதான். இந்தச் சிறு காட்சியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். நான் சொல்லப் போகும் செய்திக்கு இதுவே திறவுகோல்.

மாமா கேட்ட கேள்வி

என் தாய்மாமா சாலை அமைக்கும் நிறுவனம் ஒன்றில் நில அளவைப் பிரிவில் பணியாற்றுகிறார். சென்ற சனவரியில் அவருக்கு இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் வேலை. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ரோதாங் கணவாயைப் பனி மூடி விடுமாம். பள்ளத்தாக்கு வெளியுலகத் தொடர்பின்றித் தனித்துக் கிடக்குமாம். 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, குளிர்காலத்திலும் அங்கே போய் வர முடிகிறது. மலைச் சரிவுகளில் எங்கே பாறை பிளந்திருக்கிறது, எங்கே பனி சரியக்கூடும் என்பதை மனிதர் ஏறிப் பார்ப்பது ஆபத்து. ஆகவே உரிய அனுமதி பெற்று, டிரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் கருவியை மேலே அனுப்பிப் படம் எடுக்கிறார்கள்.

டிரோனைப் பார்க்காத தோழியருக்காக ஒரு வார்த்தை. நான்கு சிறு விசிறிகளும் ஒரு காமிராவும் கொண்ட கருவி அது. அதை இயக்குபவரின் கையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியில் தம்முடைய கைப்பேசியைச் செருகி வைத்துக் கொள்வார். டிரோனின் காமிரா மேலே என்ன காண்கிறதோ, அது உடனுக்குடன் கைப்பேசித் திரையில் தெரியும்.

ஒரு நாள் காலை மாமா சந்திரா நதியின் கரையில் நின்று டிரோனை அனுப்பியிருக்கிறார். உறைநிலைக்கும் கீழான குளிர், போதாததற்குக் காற்று. டிரோன் எதிர்ச் சரிவை நோக்கிச் சென்று கண்ணுக்கு மறைந்து விட்டது. கைப்பேசியில் 34 விழுக்காடு மின்சாரம் இருப்பதாகக் காட்டிக் கொண்டிருந்ததாம். திடீரென்று திரை இருண்டு விட்டது! பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தும் பயனில்லை. தன் பொறுப்பில் கொடுத்த விலையுயர்ந்த கருவி எந்தப் பாறையில் மோதப் போகிறதோ என்று அந்தக் குளிரிலும் மாமாவுக்கு வியர்த்து விட்டதாம்.

நல்ல வேளையாக அவருக்கு ஓர் உண்மை நினைவுக்கு வந்தது. கைப்பேசி வெறும் கண்தான். கடிவாளம் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. டிரோனோடு வானொலி அலைகளால் பேசுவது அந்தப் பெட்டியே. அதில் ‘வீடு திரும்பு’ என்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினார். சில நிமிடங்களில் மலைக்கு மேலிருந்து வண்டு ரீங்காரம் போல ஓசை கேட்டது. டிரோன் புறப்பட்ட இடத்திற்கே வந்து இறங்கியது.

அதன் பின் நடந்ததுதான் வேடிக்கை. மாமா கைப்பேசியைக் கம்பளிச் சட்டைக்குள், அக்குளில் இடுக்கிக் கொண்டு தேநீர் குடிக்கப் போனார். கால் மணி நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினால், கைப்பேசி உயிர் பெற்று 31 விழுக்காடு என்று காட்டியதாம்! யாரும் அதற்கு மின்னேற்றவில்லை.

அன்று இரவு மாமா இதைத் தொலைபேசியில் சொன்னபோது பாட்டி நம்பவே இல்லை. “செத்தது எப்படிடா பிழைக்கும்?” என்று கேட்டார். “அதை உன் பேத்தியக் கேளும்மா. பத்தாம் வகுப்பு படிக்கிறாளே, காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்” என்று மாமா சிரித்தார். எனக்கு முகம் சிவந்து விட்டது. மின்னோட்டம், மின்தடை என்று எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனாலும் சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் புன்னகையோடு, “தொழுகைக்கூடத் தலைவரின் மகளைப் பற்றி நற்செய்தியில் படித்திருக்கிறாய் அல்லவா? வீட்டார் எல்லோரும் அழுது கொண்டிருக்க, ஆண்டவர் மட்டும் என்ன சொன்னார் என்று நினைத்துப் பார். உன் மாமாவின் பேட்டரியும் தூங்கத்தான் செய்தது. ஆனால் அதை எழுப்பப் புதுமை தேவையில்லை; சூடு போதும். ஏன் தூங்கியது என்பதை நீயே படித்துக் கண்டுபிடி” என்றார்கள். அப்படிப் படித்துத் தெரிந்து கொண்டதையே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பேட்டரியின் உள்ளே

இன்று கைப்பேசிகளிலும் டிரோன்களிலும் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்கு வழி வகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு பெற்றபோது குட்இனஃபின் வயது 97!

இந்த மின்கலத்தில் இரண்டு மின்வாய்கள் உண்டு. ஒன்று கிராஃபைட், அதாவது நம் பென்சிலில் உள்ள கரி. மற்றொன்று லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு. இரண்டுக்கும் இடையே மின்பகுளி என்னும் நீர்மம் நிரம்பியிருக்கும். கைப்பேசியை நாம் பயன்படுத்தும்போது, லித்தியம் அயனிகள் கிராஃபைட்டை விட்டுப் புறப்பட்டு, மின்பகுளியின் வழியே நீந்தி, எதிர்ப்புறத்து ஆக்சைடில் போய்ச் சேருகின்றன. அதே நேரத்தில் எலக்ட்ரான்கள் வெளியே உள்ள சுற்றின் வழியாக ஓடித் திரையை எரியச் செய்கின்றன, வேலை செய்கின்றன. உள்ளே எத்தனை அயனிகள் கரை சேருகின்றனவோ அதற்கேற்ற எலக்ட்ரான்கள்தாம் வெளியே ஓட முடியும். உள்ளே போக்குவரத்துத் தடைப்பட்டால் வெளியேயும் தடைப்படும்.

குளிரில் நிகழ்வது இதுதான். மின்பகுளி, நம் தேங்காய் எண்ணெயைப் போல முழுவதும் உறைந்து விடாவிட்டாலும், கெட்டிப்பட்டு மந்தமாகிறது. அயனிகள் மெதுவாக நகர்கின்றன. மின்வாய்க்குள் நுழைவதும் அதை விட்டு வெளியேறுவதும் வேதிவினைகளே. குளிரில் எல்லா வேதிவினைகளும் வேகம் குறையும் என்பது நாம் படித்த பாடம். ஆக, மின்கலத்தின் உள்தடை பெருகி விடுகிறது. ஆனால் கிராஃபைட்டில் தங்கியுள்ள லித்தியம் எங்கும் போய் விடவில்லை. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது. கதவுதான் இறுகிப் போயிற்று!

ஒரு சிறு கணக்கு

“அப்படியானால் கைப்பேசி மெதுவாக வேலை செய்யலாமே, ஏன் பட்டென்று அணைய வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். ஓம் விதியை நினைவில் கொண்டு வாருங்கள்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக் கொள்வோம். மின்கலத்தின் மின்னியக்கு விசை 3.7 வோல்ட், சாதாரண வெப்பநிலையில் உள்தடை 0.1 ஓம், கைப்பேசி இழுக்கும் மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்னோட்டத்தை உள்தடையால் பெருக்கினால் 0.2 வோல்ட். இது மின்கலத்துக்குள்ளேயே இழப்பாகிறது. மீதி 3.5 வோல்ட் கைப்பேசிக்குக் கிடைக்கும். வேலை தடையின்றி நடக்கும்.

இப்போது குளிரில் உள்தடை நான்கு மடங்காகி 0.4 ஓம் ஆயிற்று என்று கொள்வோம். அதே 2 ஆம்பியருக்கு இழப்பு 0.8 வோல்ட். கைப்பேசிக்குக் கிடைப்பது 2.9 வோல்ட் மட்டுமே. மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், ‘மின்கலம் காலியாகி விட்டது’ என்று கருதி, பாதுகாப்புக்காகக் கைப்பேசி தன்னைத் தானே அணைத்துக் கொள்ளும். அந்த எல்லை 3 வோல்ட்டையொட்டி இருந்தால், மின்சாரம் மிச்சமிருக்கும் போதே கைப்பேசி அணைந்து விடும். மாமாவின் கைப்பேசி 34 விழுக்காட்டில் கண்ணை மூடியது இப்படித்தான்.

இன்னும் ஒரு படி போவோம். அதே குளிர், அதே 0.4 ஓம். ஆனால் கைப்பேசி சும்மா இருக்கிறது. அரை ஆம்பியர்தான் இழுக்கிறது. இழப்பு 0.2 வோல்ட், மீதி 3.5 வோல்ட். கைப்பேசி அணையாது! குளிர் மட்டும் குற்றவாளி அன்று; குளிரும் பளுவும் கைகோத்தால்தான் ஆபத்து என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

டிரோன் விடும்போது ஏன் இந்தத் தொல்லை?

டிரோன் விடுபவரின் கைப்பேசிக்கு அந்த இரண்டு துன்பமும் ஒருசேர வருகின்றன. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் திரை தெரிய வேண்டுமானால் ஒளியை முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். மேலிருந்து வரும் அசையும் படத்தை இடைவிடாமல் பிரித்துக் காட்ட வேண்டும். வரைபடத்தையும் காட்ட வேண்டும். இத்தனையும் மின்சாரத்தை வாரிக் குடிக்கும் வேலைகள். மற்ற நேரங்களில் சட்டைப்பையில் உடலின் கதகதப்பில் இருக்கும் கைப்பேசி, இப்போது வெட்டவெளியில் காற்றில் நிற்கிறது. தட்டையான மெல்லிய பொருளாதலால் சூட்டை விரைவில் இழந்து விடுகிறது.

அந்தக் குளிரில் டிரோனின் பேட்டரி மட்டும் எப்படித் தாக்குப் பிடிக்கிறது? அது விசிறிகளைச் சுழற்றப் பெரும் மின்னோட்டத்தைத் தருகிறது. அந்த மின்னோட்டமே உள்தடையில் வெப்பத்தை உண்டாக்கிப் பேட்டரியைச் சூடாக வைத்துக் கொள்கிறது. ஓடுகிறவனுக்குக் குளிர் தெரியாது என்பது போல! ஆயினும் புறப்படும் வேளையில் அதுவும் குளிர்ந்தே இருக்கும். அதனால்தான் டிரோனைத் தூரத்துக்கு அனுப்புமுன் ஒரு நிமிடம் தாழ்வாகவே மிதக்க விட்டுச் சூடேற்றுகிறார்கள்.

நான் செய்து பார்த்தது

படித்ததோடு விட மனம் வரவில்லை. அம்மாவிடம் அனுமதி பெற்று, தாத்தாவின் பழைய பல்பு டார்ச்சுக்கு ஒரே வகையில் நான்கு புதிய செல்கள் வாங்கினேன். இரண்டை மேசையில் வைத்தேன். மற்ற இரண்டை ஈரம் படாதபடி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் மூன்று மணி நேரம் வைத்தேன். டார்ச் செல் லித்தியம் வகை அன்று. ஆனாலும் குளிரில் அதன் உள்தடையும் பெருகும்.

இருட்டறையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மேசையில் இருந்த செல்கள் பல்பைப் பளிச்சென்று எரித்தன. குளிர்ந்த செல்களோ சோகை பிடித்த மஞ்சள் வெளிச்சம் தந்தன. அவற்றைத் துடைத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் போட்டபோது, பழைய பொலிவு திரும்பி விட்டது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். தோழியரே, இந்தச் சோதனையைக் கைப்பேசியை வைத்துச் செய்து விடாதீர்கள்! குளிர்ந்த கைப்பேசியை வெளியே எடுத்தால் காற்றின் ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படிந்து அதைக் கெடுத்து விடும்.

ஓர் உயிர் காத்த கருவி

“விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சியா?” என்று சிலர் நினைக்கலாம். 2018 சூலை மாதம் நடந்த நிகழ்ச்சியைக் கேளுங்கள். காரகோரம் மலைத்தொடரில் 8,051 மீட்டர் உயரமுள்ள பிராட் பீக் சிகரத்தில், அறுபது வயதைக் கடந்த ரிக் ஆலன் என்னும் பிரிட்டிஷ் மலையேறி தனியாகச் சென்றபோது விழுந்து விட்டார். அவர் இறந்து விட்டார் என்றே கருதினார்கள். முகாமிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு மலைச்சரிவில் ஏதோ தென்பட்டது. அது உயிருள்ள மனிதரா என்பதை எப்படி அறிவது?

அப்போது அண்டையிலுள்ள கே-2 சிகரத்தில் போலந்து நாட்டு ஆந்த்ரே பார்கியெல் பனிச்சறுக்குப் பயணத்துக்காக வந்திருந்தார். அவருடைய சகோதரர் பார்டெக் பார்கியெலிடம் ஒரு சிறிய டிரோன் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 5,000 மீட்டர் உயரம் வரையே அது பறக்கும் என்று தயாரித்தவர்கள் வரையறுத்திருந்தார்கள். அதையும் தாண்டி அவர் அதை மேலே செலுத்தினார். திரையில் ரிக் ஆலன் தெரிந்தார், உயிரோடு இருந்தார்! அவர் இருந்த இடம் தெரிந்ததால் மீட்புக் குழுவினர் அவரை அடைந்து கீழே கொண்டு வந்தனர். பின்னர் 2021இல் கே-2 மலையின் பனிச்சரிவு அவரைப் பறித்துக் கொண்டது என்பது துயரமான செய்தி. ஆயினும் அந்த மூன்று ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தவை அல்லவா?

இறந்ததாக எண்ணிய ஒருவரைத் தேடும் அந்தச் சில நிமிடங்களில் திரை இருண்டு போனால் என்ன ஆகும்? பேட்டரியைச் சூடாக வைத்துக் கொள்வது அங்கே சின்ன விஷயமா? நீங்களே சொல்லுங்கள்.

குளிரோடு பேட்டரி போராடுவது பூமியில் மட்டும் அன்று. நாசா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ‘இன்ஜெனுயிட்டி’ என்னும் சிறு ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே முதன்முதலாகப் பறந்தது. அதிலும் லித்தியம் அயனி மின்கலங்களே; ஆறு இருந்தன. செவ்வாயின் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 90 டிகிரி செல்சியஸ் வரை போகுமாம். ஆகவே சூரிய ஒளியில் சேர்த்த மின்சாரத்தில் பெரும்பகுதியைப் பறப்பதற்கு அன்றி, இரவில் தன் உடலைச் சூடாக வைத்துக் கொள்வதற்கே அது செலவிட்டது. 2022 மே மாதத்தில், தூசியும் குளிர்காலமும் சேர்ந்து மின்சாரத்தைக் குறைக்கவே, இரவில் பேட்டரி தளர்ந்து பூமியோடு தொடர்பு அறுந்தது. ஆனாலும் மீண்டும் விழித்துக் கொண்டது! ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய அக்கருவி, 2024 சனவரி வரை 72 முறை பறந்து ஓய்ந்தது.

நாம் செய்ய வேண்டியவை

குளிர் மிகுந்த இடங்களுக்கு, ஏன், தை மாதத்தில் உறைபனி விழும் நம் உதகைக்குப் போகிறவர்களுக்கும் இவை பயன்படும்.

முதலாவது, கைப்பேசியை முழுவதும் மின்னேற்றி, டிரோனை அனுப்பும் வரை உள்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வைத்திருங்கள். டிரோனின் பேட்டரியையும் அவ்வாறே கதகதப்பாக வையுங்கள்.

இரண்டாவது, பளுவைக் குறையுங்கள். வேண்டாத செயலிகளை மூடி விடுங்கள். முதுகை வெயிலுக்குக் காட்டி நின்று திரைக்கு நிழல் கொடுத்தால், ஒளியைக் குறைத்து வைக்கலாம்.

மூன்றாவது, ‘வீடு திரும்பும்’ இடத்தையும் உயரத்தையும் புறப்படுமுன்பே பதிவு செய்யுங்கள். உயரம் சுற்றியுள்ள மரங்களையும் பாறைகளையும் விட அதிகமாக இருக்கட்டும்.

நான்காவது, கடைசிச் சொட்டு வரை காத்திராமல், பாதி மின்சாரம் இருக்கும்போதே டிரோனைத் திருப்பி அழையுங்கள்.

ஐந்தாவது, திரை இருண்டால் பதறாதீர்கள்; பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்துங்கள். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியே இல்லாமல் கைப்பேசியால் மட்டும் இயங்கும் விலை குறைந்த டிரோன்களும் உண்டு. அவற்றுக்குக் கைப்பேசியே கடிவாளமும் ஆகும். குளிரில் அவற்றைத் தொலைவுக்கு அனுப்பாதிருப்பதே அறிவுடைமை.

ஆறாவது, மிக முக்கியமானது: உறைகுளிரில் இருக்கும் பேட்டரிக்கு உடனே மின்னேற்றாதீர்கள். அந்த நிலையில் வந்து சேரும் லித்தியம் அயனிகளால் கிராஃபைட்டுக்குள் விரைந்து நுழைய முடியாது. அவை அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து விடும். தூக்கம் தெளிந்து விடும்; இந்தக் காயமோ ஆறாது. முதலில் அறையின் வெப்பநிலைக்கு வரட்டும், பிறகு மின்னேற்றலாம். நெருப்பிலும் அடுப்பிலும் காட்டவே கூடாது. மிகுந்த சூடும் பேட்டரிக்குப் பகையே. ஐபோனைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனம், அதை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடங்களில் பயன்படுத்தச் சொல்கிறது.

பாட்டியின் தீர்ப்பு

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் மாமாவுக்குத் தொலைபேசியில் விடை சொன்னேன். கணக்கையும் போட்டுக் காட்டினேன். “சபாஷ் பாப்பா! இனிமே நான் போனை மார்போட அணைச்சுக்கிட்டுத்தான் மலை ஏறுவேன்” என்றார். பாட்டி ஓம் விதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஆக, குளுருல விறைச்சுக் கெடந்ததைச் செத்துப் போச்சுன்னு தூக்கிப் போடாம, நெஞ்சோட வச்சுச் சூடு காட்டினான், பிழைச்சுது. அதானே?” என்றார். நான் இத்தனை பக்கங்களில் எழுதியதைப் பாட்டி ஒரே மூச்சில் சொல்லி விட்டார்!

தோழியரே, நம் வகுப்பிலும் சில வேளைகளில் ஒரு தோழி பேச்சிழந்து, மதிப்பெண் குறைந்து, ஒதுங்கி உட்கார்ந்து விடுவாள். ‘இவளுக்கு ஒன்றும் வராது’ என்று நாம் சொல்லி விடுகிறோம். அவளிடம் இருந்தது எங்கும் போய் விடவில்லை. ஏதோ ஒரு குளிர் அவளைக் கட்டிப் போட்டிருக்கிறது. அவள் மீது மேலும் பளுவை ஏற்றாமல், அருகில் அமர்ந்து அன்பின் கதகதப்பைக் கொடுத்துப் பார்ப்போம். கால் மணி நேரத்தில் இல்லாவிட்டாலும், காலப்போக்கில் அவள் முகத்தில் வெளிச்சம் திரும்பும்.

இறந்து விட்டது என்று தீர்ப்புச் சொல்லுமுன், உறங்குகிறதா என்று பார்ப்போம்.